கார்பன் கணக்கு: உள்ளாட்சிகளுக்கான கேள்வி–பதில்

ஓர் உள்ளாட்சி தன் கார்பன் உமிழ்வைக் குறைக்கத் திட்டம் தீட்டுவது எப்படி? மன்ற உறுப்பினர்களும் பொறியாளர்களும் பொதுமக்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குத் துறை அனுபவம் உள்ளவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

கேள்வி: "2040க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு" (வெளியேறும் உமிழ்வும் உறிஞ்சப்படும் அளவும் சமமாவது) என்று எங்கள் மன்றம் தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– நகர்மன்ற உறுப்பினர் ஒருவர்

பதில்: கணக்குப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் மின்கட்டண ரசீதுகள், டீசல்–பெட்ரோல் பில்கள், ஜெனரேட்டர் லாக் புத்தகம், குப்பை லாரிகளின் எடைமேடைச் சீட்டுகள், ஏசி பழுதுபார்த்தபோது நிரப்பிய வாயுவுக்கான பில்கள் ஆகிய ஐந்தும் கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உலகெங்கும் வழக்கில் இருக்கும் முறைப்படி உமிழ்வை மூன்று வகையாகப் பிரிக்க வேண்டும். உங்கள் வண்டியும் ஜெனரேட்டரும் எரிக்கும் எரிபொருள், உங்கள் குப்பைக் கிடங்கிலிருந்து வரும் மீத்தேன், ஏசியில் கசியும் வாயு ஆகியவை முதல் வகை. விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது வகை. ஒப்பந்ததாரரின் வண்டிகள், வாங்கும் சிமென்ட், ஊழியர்கள் வேலைக்கு வந்துபோவது போன்றவை மூன்றாவது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டால் அந்த டீசல் முதல் வகையிலிருந்து மூன்றாவதுக்குப் போய்விடும். தாளில் உமிழ்வு குறைந்திருக்கும். காற்றில் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. ஆகவே ஒப்பந்த வண்டிகளையும் முதல் நாளிலேயே கணக்கில் சேருங்கள். மாதாமாதம் டீசல் அளவைத் தராவிட்டால் பில் பாஸ் ஆகாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தில் எண் வந்துசேர்வதில்லை.

அளவுகளை உமிழ்வாக மாற்றுவது எளிது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோலுக்கு 2.31 கிலோ, சமையல் எரிவாயு ஒரு கிலோவுக்குச் சுமார் 3 கிலோ. மின்சாரத்துக்கு உங்கள் மின்தொகுப்புக்கென வெளியாகும் ஆண்டுக் காரணியை, அதாவது ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ உமிழ்வு என்ற எண்ணை, எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரியை நம்பியிருக்கும் தொகுப்பில் யூனிட்டுக்கு 0.7 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் மிகுந்த தொகுப்பில் 0.1க்குக் கீழே இறங்கும். இங்கே வரும் கணக்குகளுக்கெல்லாம் 0.7 என்று வைத்துக்கொள்கிறோம். உங்கள் எண்ணைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஏசி வாயுவை அலட்சியம் செய்யாதீர்கள். ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் அது ஏறத்தாழ 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

பெருந்தொற்றால் முடங்கிய 2020 போன்ற ஆண்டை அடிப்படை ஆண்டாக வைக்க வேண்டாம். அலுவலகம் பூட்டிக் கிடந்த ஆண்டோடு ஒப்பிட்டால், எவ்வளவு உழைத்தாலும் உமிழ்வு கூடியதாகவே தெரியும். இன்னொன்று, மின் இணைப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மீட்டரையும் நேரில் போய்ப் பாருங்கள். இடித்த கட்டடத்துக்கு வந்துகொண்டிருக்கும் பில், மீட்டரே இல்லாமல் உத்தேசமாகக் கணக்கிடப்படும் தெருவிளக்கு வரிசை, ஓடாத மீட்டருக்கு மாதந்தோறும் ஒரே ரீடிங் என்று எல்லாம் வெளிவரும். இந்தச் சுற்றைத் தவிர்த்துவிட்டு எழுதும் திட்டத்தில் பின்னால் எந்தச் சேமிப்பையும் நிரூபிக்க முடியாது.

கேள்வி: எங்கள் மின்கட்டணத்தில் பெரும்பங்கு குடிநீர் மோட்டார்களுக்கே போகிறது. வேக மாற்றுக் கருவியான விஎஃப்டி பொருத்தினால் பாதி மின்சாரம் மிச்சமாகும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். நம்பலாமா?
– குடிநீர்ப் பிரிவு உதவிப் பொறியாளர்

பதில்: வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் அளந்து பாருங்கள். ஆயிரம் லிட்டர் நீரை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இழப்பே இல்லாவிட்டால் 0.0027 யூனிட் போதும். மொத்த ஹெட் (ஏற்ற வேண்டிய உயரமும் குழாய் உராய்வு இழப்பும் சேர்ந்தது) 50 மீட்டர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 0.136 யூனிட். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 65 சதவீதத் திறனில் ஓடினால் அது 0.21 யூனிட் ஆகும். டெலிவரி குழாயில் பிரஷர் கேஜ், குழாயின் வெளிப்புறத்தில் பொருத்தும் அல்ட்ராசோனிக் ஃப்ளோ மீட்டர், பேனலில் எனர்ஜி மீட்டர் ஆகிய மூன்றையும் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். உங்களுக்கு 0.35 வருகிறது என்றால் மொத்தத் திறன் 39 சதவீதம்தான். மின்சாரம் எங்கே போகிறது என்று அதற்குப் பிறகுதான் தேட வேண்டும்.

வழக்கமாக அகப்படுபவை இவை. தேவைக்கு மேல் ஹெட் உள்ள பம்பை வாங்கிவிட்டு, டெலிவரி வால்வைப் பாதி மூடி ஓட்டுவது. இதற்குப் பம்பினுள் சுழலும் சக்கரமான இம்பெல்லரைச் சற்றுக் கடைந்து குறைத்தாலே போதும், செலவும் மிகக் குறைவு. இம்பெல்லரைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் வேர் ரிங் தேய்ந்துபோய், அதன் வழியாக நீர் உள்ளேயே சுற்றுவது. எரிந்த மோட்டாருக்கு மறுபடி மறுபடி காயில் கட்டுவது. சரியான கம்பி அளவில் கட்டாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு சதவீதம் திறன் போகும். குறுகிய பைப்பும் ஒரு காரணம். உராய்வு இழப்பு குழாய் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். அதே அளவு நீருக்கு 100 மில்லிமீட்டர் குழாயை 125 ஆக்கினால் உராய்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

இனி விஎஃப்டி. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்தேவை பாதியாகும் என்பது உண்மையே. மின்தேவை வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறும், 0.8 × 0.8 × 0.8 = 0.51. ஆனால் இந்த விதி, ஹெட்டின் பெரும்பகுதி உராய்வாக இருக்கும் நீண்ட சமதளக் குழாய்க்கே முழுமையாகப் பொருந்தும். நேராக மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் பம்பில் ஹெட்டின் பெரும்பகுதி உயரம்தான். அங்கே வேகத்தைக் குறைத்தால் நீர் மேலே ஏறாது, அல்லது இருமடங்கு நேரம் ஓடி அதே யூனிட்டை எடுத்துக்கொள்ளும். விற்பனையாளரிடம் "என் சிஸ்டத்தில் உயரம் எவ்வளவு, உராய்வு எவ்வளவு என்று கணக்கிட்டீர்களா?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். வாங்கினாலும், கருவி பழுதானால் அதைத் தவிர்த்து நேரடியாக இணைக்கும் பைபாஸில் போட்டு ஓட்டுவார்கள்; அந்த பைபாஸ் அப்படியே நிலைத்துவிடும். பைபாஸில் ஓடிய மணி நேரத்தை லாக் புத்தகத்தில் தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள்.

கெபாசிட்டர் பொருத்திப் பவர் ஃபாக்டரை (இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) சரிசெய்வது பில்லில் அபராதத்தைக் குறைக்கும். அதைக் கார்பன் சேமிப்பாகத் திட்டத்தில் எழுதாதீர்கள். மோட்டார் எடுக்கும் யூனிட்டில் அதனால் பெரிய மாற்றம் வராது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே கசிவு. ஏற்றிய நீரில் 30 சதவீதம் மண்ணுக்குள் போகிறது என்றால் மின்சாரத்திலும் 30 சதவீதம் போகிறது. இரவு 2 மணி முதல் 4 மணிவரை, யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில், பகுதிவாரியாக ஓட்டத்தை அளந்தால் கசிவு எந்தப் பகுதியில் என்று தெரியும். விட்டுவிட்டு நீர் வழங்கும் ஊரில் இந்தச் சோதனைக்காக அந்தப் பகுதிக்கு மட்டும் ஓர் இரவு முழுவதும் அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: தெருவிளக்குகளையெல்லாம் எல்இடி ஆக்கிவிட்டோம். ஒப்பந்ததாரர் சொன்ன சேமிப்பு பில்லில் வரவில்லை. ஏன்?
– பேரூராட்சித் தலைவர் ஒருவர்

பதில்: முதலில் வர வேண்டியது எவ்வளவு என்று பார்ப்போம். 250 வாட் சோடியம் விளக்கு சோக்குடன் சேர்த்துச் சுமார் 280 வாட் எடுக்கும். அதற்குப் பதில் 110 வாட் எல்இடி. ஆண்டுக்கு 4,100 மணி நேரம் எரிந்தால் ஒரு கம்பத்துக்கு ஏறத்தாழ 700 யூனிட், அதாவது 490 கிலோ கார்பன் டை ஆக்சைடு மிச்சம்.

இது வராததற்குப் பெரும்பாலும் காரணம் பழைய கணக்குதான். பழைய விளக்குகளில் நூற்றுக்குப் பதினைந்து எரியாமலே இருந்திருக்கும். ஒப்பந்ததாரர் எல்லாம் எரிந்ததாக வைத்துச் சேமிப்பைக் கணக்கிட்டிருப்பார். புதியவை எல்லாம் எரிகின்றன. ஊருக்கு நல்லதுதான், ஆனால் பில் அந்த அளவுக்கு இறங்காது. அடுத்தது, பகலில் எரியும் விளக்குகள். ஒளி உணரியில் தூசி படிந்தால் அதற்கு எப்போதும் இரவுதான். உணரியை எடுத்துவிட்டு, சூரிய உதயம்–மறைவைத் தேதிப்படி தானே கணிக்கும் டைமரை ஸ்விட்ச் பெட்டியில் வையுங்கள். அதே பெட்டியில் மீட்டரும் இருக்கட்டும். நள்ளிரவுக்குப் பின் ஒளியைப் பாதியாக்கும் வசதி, எல்இடிக்கு மின்சாரம் தரும் டிரைவர் கருவியில் இருந்தும் அதை இயக்காமல் விட்டிருப்பார்கள். அதையும் கேட்டுப் பாருங்கள்.

விளக்குகள் ஓராண்டுக்குள் கருகிப்போவதற்கு மின்னழுத்தம் நொடிப்பொழுதில் எகிறும் சர்ஜே முக்கியக் காரணம். 10 கிலோவோல்ட் சர்ஜ் பாதுகாப்பு டெண்டரில் இருக்க வேண்டும். எர்த் சரியில்லாத கம்பத்தில் அந்தப் பாதுகாப்பும் வேலை செய்யாது.

கேள்வி: குப்பைக் கிடங்கை உமிழ்வுக் கணக்கில் சேர்க்க வேண்டுமா? எங்களிடம் புகைபோக்கியே கிடையாதே!
– சுகாதார ஆய்வாளர் ஒருவர்

பதில்: கட்டாயம் சேர்க்க வேண்டும். பல ஊர்களில் மிகப் பெரிய எண் அங்கேதான் இருக்கிறது. திட்டங்களில் விட்டுப்போவதும் அதுதான். மக்கும் குப்பை காற்றில்லாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறாண்டு அளவில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக வெப்பமூட்டும்.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி வழிகாட்டியின் இயல்பு மதிப்புகளை வைத்து ஒரு டன் உணவுக் கழிவுக்குக் கணக்குப் போடலாம். அதில் சிதையக்கூடிய கார்பன் 15 சதவீதம், அதாவது 150 கிலோ. அதில் பாதிதான் உண்மையில் சிதையும்: 75 கிலோ. ஐந்து மீட்டருக்கு மேல் ஆழமான, பராமரிப்பற்ற கிடங்கில் அதில் 0.8 பங்கு காற்றில்லாமல் சிதையும்: 60 கிலோ. அதில் பாதி மீத்தேனாகும்: 30 கிலோ கார்பன். அதை 16/12ஆல் பெருக்கினால் 40 கிலோ மீத்தேன். ஆக, ஒரு டன் உணவுக் கழிவுக்கு ஏறத்தாழ 1,100 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான உமிழ்வு. அதே ஒரு டன்னை அள்ளிக் கொண்டுபோக 10 லிட்டர் டீசல் செலவானாலும் 27 கிலோதான். லாரியை மின்சார வண்டியாக்குவது பற்றி நீண்ட நேரம் விவாதித்துவிட்டு, அது கொண்டுபோய்க் கொட்டும் சுமையைப் பற்றிப் பேசாமல் எழும் கூட்டங்கள் எங்களுக்கு வேதனை தருகின்றன.

அதே ஒரு டன்னை ஒழுங்காக உரமாக்கினால், உரக்குவியலிலிருந்து வரும் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் சேர்த்துச் சுமார் 175 கிலோவில் முடிந்துவிடும். ஒழுங்காக என்றால், ஈரம் 50–60 சதவீதம், கார்பன்–நைட்ரஜன் விகிதம் 25–30க்கு 1, உள்வெப்பம் 55 டிகிரிக்கு மேல் சில நாள் நிற்பது, குவியலைத் தவறாமல் புரட்டுவது. கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வரலாம். ஒழுகினால் ஈரம் அதிகம். அப்போது காய்ந்த இலைதழையோ மரத்தூளோ சேருங்கள். புரட்டாமல் விட்ட குவியல் குட்டிக் குப்பைக் கிடங்காக மாறி மீத்தேன் விடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை என்று அர்த்தம்.

மக்கும் குப்பையைக் காற்றில்லாமல் நொதிக்கவிட்டு வாயு எடுக்கும் எரிவாயுக் கலன் வைக்க நினைத்தால், ஒரு டன் உணவுக் கழிவிலிருந்து ஏறத்தாழ 100 கனமீட்டர் வாயு எதிர்பார்க்கலாம். பல கலன்கள் முதல் ஆண்டிலேயே நின்றுபோகின்றன. பிளாஸ்டிக் பையும் மணலும் உள்ளே போய் அடைத்துக்கொள்வது ஒரு காரணம். திருவிழா, விடுமுறை முடிந்த மறுநாள் அளவுக்கு மீறிக் கொட்டுவது இன்னொன்று. கலன் புளித்து, பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறைந்தால் அமிலம் அதிகம்) 6.5க்குக் கீழே இறங்கி, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செயலிழந்துவிடும். தினமும் பிஎச் பார்த்து, இறங்கத் தொடங்கினால் இரண்டு நாள் ஊட்டத்தை நிறுத்த வேண்டும். வாயுவைப் பயன்படுத்த ஆளில்லாமல் திறந்து விடுவது இவை எல்லாவற்றையும்விட மோசம். அது கிடங்கு விட்டதைவிட வேகமாக மீத்தேனை வானத்துக்கு அனுப்பும் வேலை. பயன்பாடு இல்லாத நேரத்தில் எரித்துவிட ஒரு ஃபிளேர் இல்லாமல் கலனுக்கு அனுமதி தராதீர்கள்.

இன்றே புதிதாகக் கொட்டுவதை நிறுத்தினாலும் பழைய குவியல் பல ஆண்டுகள் மீத்தேன் விடும். வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் உணவுக் கழிவின் பாதி இரண்டே ஆண்டில் சிதைந்துவிடும்; குளிர்ந்த, வறண்ட இடத்தில் பத்தாண்டுக்கு மேல் ஆகும். ஆகவே முதல் ஆண்டிலேயே எண் இறங்கவில்லையே என்று திட்டத்தைக் கைவிட வேண்டாம். மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகளே தங்கும் என்பதால், இன்று குறைப்பதன் பலன் உங்கள் மன்றத்தில் இருக்கும் இளைஞர்கள் காலத்திலேயே கிடைக்கும்.

கேள்வி: ஆயிரக்கணக்கில் மரம் நட்டால் எல்லாம் ஈடாகிவிடாதா?
– வாசகி ஒருவர்

பதில்: ஆகாது. வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 10 முதல் 20 கிலோ கார்பன் டை ஆக்சைடை இழுக்கும். மேலே சொன்ன ஒரே ஒரு தெருவிளக்கு மாற்றத்துக்கு ஈடுகொடுக்கக் குறைந்தது 25 மரங்கள் பல ஆண்டுகள் வளர்ந்திருக்க வேண்டும். நிழலுக்கும் வெயில் தணிப்புக்கும் மழைநீர் இறங்கவும் மரம் நடுங்கள். நட்ட கன்றை மூன்றாண்டு காப்பாற்ற நீருக்கும் வேலிக்கும் நிதி ஒதுக்குங்கள். உமிழ்வுக் கணக்கில் அதைத் தனி வரியில் எழுதுங்கள், கழிக்க வேண்டாம்.

கேள்வி: சூரிய மின்தகடுகளை முதலில் போடலாமா, பிறகா?
– ஊராட்சிச் செயலர் ஒருவர்

பதில்: பம்பையும் விளக்கையும் சரிசெய்த பிறகு போடுங்கள். இல்லாவிட்டால் வீணாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துத் தகடு வாங்குவீர்கள். நிழல் விழாத கூரையில் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வேண்டும். நல்ல வெயில் உள்ள இடத்தில் அது ஆண்டுக்கு 1,200 முதல் 1,500 யூனிட் தரும். குடிநீர் மோட்டாரைப் பகலில் ஓட்டி மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொண்டால் பேட்டரிச் செலவே இல்லை.

நிறுவிய பின் யாரும் திரும்பிப் பார்க்காததுதான் பெரிய நோய். இன்வெர்ட்டர் டிரிப் ஆகி மாதக்கணக்கில் நின்றாலும், மின்தொகுப்பிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருப்பதால் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வாரம் ஒருமுறை உற்பத்தி ரீடிங் எழுதும் பொறுப்பை ஒருவர் பெயரில் போடுங்கள். சூரிய மின்சாரத்தின் பசுமைப் பயனுக்கு உரிமை தரும் பசுமைச் சான்றுகளை வேறு யாருக்காவது விற்றுவிட்டால் அந்த யூனிட்டுகளை உங்கள் குறைப்பாகக் காட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: வண்டிகளை மின்சார வண்டிகளாக மாற்றுவதற்கு வரிசை என்ன?
– போக்குவரத்துப் பிரிவு மேற்பார்வையாளர்

பதில்: தினமும் ஒரே தெருக்களில் ஓடித் திரும்பும் சிறிய குப்பை வண்டிகள் முதலில். அவற்றின் தினசரி கிலோமீட்டரை இரண்டு வாரம் எழுதி, தயாரிப்பாளர் சொல்லும் தூரத்தில் 70 சதவீதத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். நின்று நின்று போவதும் சுமையும் பேட்டரியின் வயதும் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். நாற்பது வண்டிகளை ஒரே நேரத்தில் 3 கிலோவாட் சார்ஜரில் போட்டால் 120 கிலோவாட் வேண்டும். மின்மாற்றி தாங்குமா என்று வண்டி வாங்கும் முன் கேளுங்கள். இரு பிரிவாகச் சார்ஜ் செய்தால் பாதி போதும்.

பெரிய லாரிகளில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் மணிக்கு 2–3 லிட்டர் டீசல் போகும். பத்து லாரிகள் தினம் ஒரு மணி நேரம் அப்படி நின்றால், 300 நாளில் 7,500 லிட்டர், 20 டன் உமிழ்வு. எடைமேடை வரிசையைச் சீர்செய்தாலே இதில் பெரும்பகுதி போய்விடும்.

கேள்வி: சாலை, கட்டடப் பணிகளில் ஏதாவது செய்ய முடியுமா?
– ஒப்பந்தப் பிரிவு ஊழியர்

பதில்: முடியும், டெண்டர் விதியில். சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கர் ஒரு கிலோ செய்யும்போது சுண்ணாம்புக் கல்லிலிருந்தே அரைக் கிலோவுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், எரிபொருள் தனி. எனவே அனல்மின் நிலையச் சாம்பல் அல்லது இரும்பாலைக் கசடு கலந்த சிமென்டை அனுமதியுங்கள். உடனே சுமை ஏறாத பாகங்களுக்கு கான்கிரீட் போட்ட 28ஆம் நாளின் வலிமைக்குப் பதில் 56ஆம் நாளின் வலிமையைக் கேளுங்கள். கலப்புச் சிமென்ட் மெல்லத்தான் இறுகும். நீராற்றுவதில் அவசரப்பட்டால் மேற்பரப்பு வெடிக்கும். தாரில் வெப்பம் 20–40 டிகிரி குறைவாகக் கலக்கும் முறையை ஏற்றுக்கொள்ளுங்கள். இருக்கும் கட்டடத்தைப் பழுதுபார்க்க முடியுமா என்ற அறிக்கை இல்லாமல் இடிக்க அனுமதி தராதீர்கள்.

கேள்வி: உள்ளாட்சியின் சொந்த உமிழ்வு ஊரின் மொத்தத்தில் சிறு துளிதானே? அதைக் குறைத்து என்ன பயன்?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: துளிதான், பெரும்பாலும் ஊர் மொத்தத்தில் சில சதவீதம். ஆனால் உள்ளாட்சியின் கையெழுத்து இல்லாமல் கட்டடம் எழும்பாது, நடைபாதை வராது, வாகன நிறுத்தம் அமையாது, சந்தை நடக்காது. கட்டட அனுமதியில் வெயில் தடுப்பும், பின்னாளில் சூரியத் தகடு வைக்கக் கூரை வலிமையும் குழாய்வழியும் கேட்கலாம். பெரிய உணவகங்களும் மண்டபங்களும் மக்கும் குப்பையைத் தாங்களே கையாள வேண்டும் என்று விதிக்கலாம். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துபோக நிழலும் பாதையும் கொடுக்கலாம். ஊர்க் கணக்கைத் தனி ஏட்டில் வையுங்கள். வீடுவீடாகக் கணக்கெடுப்பில் இரண்டாண்டைக் கழிக்க வேண்டாம். மின்வாரியத்தின் மொத்த விற்பனையும் எரிபொருள் விற்பனையும் குப்பையின் எடையும் இருந்தால் முடிவெடுக்கப் போதுமான படம் கிடைத்துவிடும்.

கேள்வி: திட்ட ஆவணம் அலமாரியில் தூங்காமல் இருக்க எப்படி எழுத வேண்டும்?
– ஓய்வுபெற்ற நகராட்சி ஆணையர்

பதில்: ஒவ்வொரு பணிக்கும் ஐந்து விவரங்கள் இருக்கட்டும்: எத்தனை டன் குறையும், எந்த மீட்டர் அல்லது ஏடு அதைக் காட்டும், எந்த நிதித் தலைப்பு, பொறுப்பான பதவி எது, எந்தக் காலாண்டில் முடியும். ஆளின் பெயரை எழுதினால் மாறுதலோடு பொறுப்பும் போய்விடும், பதவியை எழுதுங்கள். நிதித் தலைப்பு இல்லாத வரியை ஆவணத்திலிருந்தே எடுத்துவிடலாம். மின்சாரத்தில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதி அடுத்த பணிக்கே போகும்படி தனிக் கணக்குத் தொடங்கத் தீர்மானம் போடுங்கள். இது இல்லாத ஊரில் முதல் சேமிப்போடு எல்லாம் நின்றுவிடுகிறது.

இறுதி ஆண்டு இலக்கை மட்டும் எழுதாமல் ஆண்டுவாரி அளவையும் எழுதுங்கள். 10,000 டன்னைப் பத்தாண்டில் 5,000 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 500 டன் வீதம் குறைத்தால் பத்தாண்டில் மொத்தம் 72,500 டன் வெளியேறும். ஒன்பது ஆண்டு சும்மா இருந்து கடைசி ஆண்டில் குறைத்தால் 95,000 டன். இலக்கு இரண்டிலும் எட்டப்பட்டதுதான். காற்றில் சேர்ந்தது 22,500 டன் அதிகம்.

ஆண்டறிக்கையில் மின்தொகுப்புக் காரணி மாறியதால் வந்த குறைவையும் உங்கள் பணியால் வந்த குறைவையும் தனித்தனியே காட்டுங்கள். பக்கத்துக் கிராமங்கள் இணைக்கப்பட்டாலோ, ஒரு சேவை கைமாறினாலோ, மொத்தம் 5 சதவீதத்துக்கு மேல் மாறும்போது அடிப்படை ஆண்டின் கணக்கையும் அதே எல்லைக்குத் திருத்த வேண்டும் என்ற விதியை ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எல்லை மாறிய பின்பு அதை எழுதப் போனால், சாதகமான எண்ணுக்காகத் திருத்தியதாகவே எதிர்த்தரப்பு சொல்லும்.